பலவீனமான துப்பாக்கிக்கு மாற்றம் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைன் சுடும் விளையாட்டு எதை எடுத்தாலும் யாரும் சீந்தாத ஒரு துப்பாக்கி அதில் இருக்கும். தரையில் கிடந்தால் தாண்டிப் போவார்கள். வேறு எதுவும் கிடைக்காதபோது எடுப்பார்கள், வேறொன்று கிடைத்ததும் போட்டுவிடுவார்கள். அப்படி ஒன்றின்மேல் எனக்குப் பல வருடப் பிரியம். ஒருமுறை விசையை அழுத்தினால் மூன்று குண்டுகள் பாயும் பர்ஸ்ட் ரைஃபிள் அது. அதைச் சரிசெய்யச் சொல்லி விளையாட்டைத் தயாரித்தவர்களுக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன். முதலில் எழுதியவை தவறான கோரிக்கைகள். ஏன் தவறு என்று புரிந்துகொண்ட பிறகு எழுதியவைதான் உருப்படியானவை. இதே வேலையில் இறங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் ரைஃபிளின் எண்களைக் கணக்குப் போட எளிதாக முழு எண்களாக்கியிருக்கிறேன்.

துப்பாக்கி உண்மையிலேயே பலவீனமா, எனக்குத்தான் கைவரவில்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

கை பழகாத எந்தத் துப்பாக்கியும் பலவீனமாகத்தான் தெரியும். அதனால் குறைந்தது இரண்டு வாரம் அதை மட்டுமே எடுத்து விளையாடுங்கள். அப்புறம் பயிற்சிக் களத்துக்குப் போய் 10, 25, 50 மீட்டர் தூரங்களில் ஒரே இலக்கைச் சுட்டுப் பாருங்கள். அதே வேலைக்கு மற்றவர்கள் எடுக்கும் துப்பாக்கியாலும் அதே தூரங்களில் சுடுங்கள். ஒவ்வொன்றிலும் நூறு குண்டு சுட்டு, எத்தனை பட்டன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. எல்லாக் குண்டும் பட்டாலும் இந்தத் துப்பாக்கி தோற்கிறதா, அல்லது சில குண்டுகள் தவறும்போதுதான் தோற்கிறதா? எல்லாம் பட்டும் தோற்றால் குறை அதன் கொல்லும் வேகத்தில் இருக்கிறது. தவறும்போது மட்டும் தோற்றால் குறை ரீகாய்லிலோ (சுடும்போது துப்பாக்கி எகிறுவது) மேகசின் அளவிலோ (ஒருமுறை நிரப்பினால் கொள்ளும் குண்டுகள்) ரீலோடு நேரத்திலோ (மறுபடி நிரப்பும் நேரம்) இருக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. என் ஆரம்பகாலக் கடிதங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருந்தேன்.

சத்தத்தையும் கவனியுங்கள். மெல்லிய சத்தம் உள்ள துப்பாக்கி, எண்களில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் கையில் பொம்மை போலத் தோன்றும். அப்படியிருந்தால் கேட்க வேண்டியது சத்தத்தில் மாற்றம்.

டிடிகே என்கிறார்களே, அது என்ன? அதை எப்படிக் கணக்கிடுவது?

முதல் குண்டு பட்ட கணத்திலிருந்து எதிராளி விழும் கணம் வரை ஆகும் நேரம்தான் டிடிகே (டைம் டு கில்). கணக்கு எளிது. கொல்லத் தேவையான குண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, இரண்டு குண்டுகளுக்கு இடையே உள்ள நேரத்தால் பெருக்க வேண்டும். நேரம் முதல் குண்டிலிருந்து ஓடத் தொடங்குவதால் ஒன்றைக் கழிக்கிறோம்.

நிமிடத்துக்கு 600 குண்டு சுடும் துப்பாக்கியில் இரண்டு குண்டுகளுக்கு நடுவே 100 மில்லிவினாடி இருக்கும். எதிராளியின் உயிர் 100, ஒரு குண்டின் டேமேஜ், அதாவது அது குறைக்கும் உயிர், 24 என்றால் 5 குண்டு வேண்டும். 4 இடைவெளி, அதாவது 400 மில்லிவினாடி. டேமேஜை 25 ஆக்கினால் 4 குண்டு போதும், 300 மில்லிவினாடியில் ஆள் விழுந்துவிடுவார். கூட்டியது ஒரே ஒரு புள்ளி, கொல்லும் நேரமோ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

அதே துப்பாக்கியை 20-லிருந்து 24-க்கு உயர்த்திப் பாருங்கள். டேமேஜ் 20 சதவீதம் கூடியிருக்கிறது, ஆனால் அப்போதும் 5 குண்டு, இப்போதும் 5 குண்டு. முழு உயிரோடு நிற்கும் எதிராளிக்கு இரண்டும் ஒன்றுதான். தேவையான குண்டுகளின் எண்ணிக்கை மாறும் இந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் டேமேஜைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாடியவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரிந்திருக்கும். அங்கே ஏகே-47 துப்பாக்கியின் அடிப்படை டேமேஜ் 36, எம்4ஏ4 துப்பாக்கிக்கு 33. தலையில் பட்டால் நான்கு மடங்கு. ஹெல்மெட்டைத் துளைத்த பிறகு ஏகே-யின் டேமேஜில் 77.5 சதவீதமும், எம்4ஏ4-இன் டேமேஜில் 70 சதவீதமும் மிஞ்சும். பெருக்கிப் பார்த்தால் ஏகே-க்கு 111, எம்4-க்கு 92. நூறு என்ற கோட்டின் இரண்டு பக்கமும் இவை நிற்பதால், அருகில் ஹெல்மெட் போட்டவர் தலையில் ஏகே குண்டு ஒன்று பட்டால் ஆட்டம் முடிந்தது, எம்4-க்கு இன்னொரு குண்டு வேண்டும். இந்த இரண்டு துப்பாக்கிகளின் குணத்தையே இந்தச் சின்ன வித்தியாசம் தீர்மானிக்கிறது.

அப்படியானால் அடுத்த படியை எட்டும் வரை டேமேஜைக் கூட்டச் சொன்னால் போதும்தானே?

நானும் அப்படித்தான் கேட்டேன். என் பர்ஸ்ட் ரைஃபிளின் கதையை முழுதாகச் சொல்கிறேன், இங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது.

அதன் டேமேஜ் ஒரு குண்டுக்கு 30. மூன்றும் உடம்பில் பட்டால் 90. எதிராளியிடம் 10 உயிர் மிச்சம் இருக்கும். ஒரு பர்ஸ்டுக்குள் குண்டுகளுக்கு நடுவே 60 மில்லிவினாடி, அதனால் மூன்றாவது குண்டு 120-வது மில்லிவினாடியில் போய்விடும். அதற்குப் பிறகு அடுத்த பர்ஸ்ட் தொடங்க 400 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். ஆக நான்காவது குண்டு பாய்வது 520-வது மில்லிவினாடியில். எதிரே 26 டேமேஜ் கொண்ட சாதாரண ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வைத்திருப்பவர் 100 மில்லிவினாடிக்கு ஒரு குண்டு வீதம் நான்கு குண்டில், 300 மில்லிவினாடியில் என்னைச் சாய்த்துவிடுவார். பத்து உயிரோடு என்னைச் சுட்டு வீழ்த்திய எதிராளிகளை எண்ணி மாளாது.

டேமேஜை 33 ஆக்கினால்? மூன்று குண்டுக்கு 99. ஒரு புள்ளி குறைகிறது, எதுவும் மாறவில்லை. 34 ஆக்கினால் 102. இப்போது உடம்பில் எங்கே பட்டாலும் ஒரே பர்ஸ்டில், 120 மில்லிவினாடியில் ஆள் விழுவார். திருப்பிச் சுட யாருக்கும் நேரமே இருக்காது. மறுநாளே எல்லோர் கையிலும் அந்த ஒரே துப்பாக்கிதான் இருக்கும். 31, 32, 33 வீண், 34 ஆபத்து. நடுவில் நல்ல எண் என்று ஒன்றே கிடையாது. நான் முதல் கடிதத்தில் கேட்டது அந்த 34-ஐத்தான். அதை அவர்கள் ஏற்காதது சரியே.

பிறகுதான் இந்தத் துப்பாக்கி யாருக்காக, எந்த வேலைக்காக இருக்கிறது என்று யோசித்தேன். தலையில் பட்டால் அந்த விளையாட்டில் ஒன்றரை மடங்கு. மூன்றில் ஒரு குண்டு தலையில் பட்டாலே 45, 30, 30 என்று 105 ஆகிவிடும், ஒரே பர்ஸ்டில் முடிந்துவிடும். ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு ஒரு தலைக்குண்டு பட்டாலும் முதல் மூன்று குண்டுக்கு 39, 26, 26 என 91-தான், நான்காவதும் வேண்டும். ஆக நிதானமாகக் குறிவைப்பவருக்குப் பரிசு கொடுக்கும் குணம் என் ரைஃபிளில் ஏற்கெனவே இருந்தது. குறி சற்றுத் தாழ்ந்துவிட்டால் கிடைக்கும் தண்டனைதான் அளவுக்கு மீறி இருந்தது. குறை அந்த 400 மில்லிவினாடிக் காத்திருப்பில்.

அதை 280 ஆக்கினால் நான்காவது குண்டு 400-வது மில்லிவினாடியில் போகும். தலையில் ஒன்று பட்டால் 120, உடம்பில் மட்டும் பட்டால் 400, எதிராளிக்கு வழக்கமான 300. நன்றாகச் சுட்டவர் வெல்வார், தவறியவர் தோற்பார், ஆனாலும் சண்டையில் இருப்பார். டேமேஜைத் தொடவே வேண்டியதில்லை.

டேமேஜ் தவிர வேறு எவற்றை மாற்றச் சொல்லலாம்?

நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் அவைதான் நல்ல தீர்வுகள். துப்பாக்கியைக் கையில் எடுக்க ஆகும் நேரம், ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கொண்டுவரும் நேரம், ரீலோடு, மேகசின் அளவு, அதைப் பிடித்துக்கொண்டு ஓடும் வேகம், ரீகாய்ல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது, தூரம் போகப்போக டேமேஜ் எங்கிருந்து குறையத் தொடங்குகிறது என்பது, விலை, எங்கே எவ்வளவு கிடைக்கிறது என்பது.

எனக்குப் பிடித்த உதாரணம் வேலரன்ட் விளையாட்டின் ஏரெஸ். விசையை அழுத்தினால் முதலில் மெதுவாகச் சுட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் முழு வேகம் பிடிக்கும் மெஷின் கன்னாக அது இருந்தது. நேருக்கு நேர் சண்டையில் முதல் சில குண்டுகள்தானே முடிவு செய்கின்றன! அந்த நேரத்தில்தான் அது மந்தமாக இருந்தது. 2022 ஜனவரியில் வந்த 4.0 பேட்ச் (விளையாட்டில் மாற்றங்களைக் கொண்டுவரும் புதுப்பிப்பு) அந்தச் சூடேறும் நேரத்தை நீக்கி, சுடும் வேகத்தை வினாடிக்கு 10-லிருந்து 13 குண்டாக்கியது. அதன்பிறகு துணிந்து வாங்கக்கூடிய துப்பாக்கியாகிவிட்டது.

ஏபெக்ஸ் லெஜண்ட்ஸின் மொசாம்பீக் இன்னொரு விதம். 2019 பிப்ரவரியில் விளையாட்டு வெளியானபோது அந்த ஷாட்கன்னில் மூன்றே மூன்று ரவுண்டு. ஆட்டக்காரர்கள் அதைக் கேலிப்பொருளாகவே ஆக்கிவிட்டார்கள். பிறகு மேகசின் கூட்டப்பட்டது. ஷீல்டு என்ற கவசம் உடைந்த எதிராளிமேல் கூடுதல் டேமேஜ் தரும் ஹேமர்பாயிண்ட் என்ற இணைப்பும் வந்தது. ஷீல்டை வேறு துப்பாக்கியால் உடைத்துவிட்டு இதை எடுத்து முடிப்பது என்று அதற்கென ஒரு வேலை பிறந்தது. எண்களைக் கூட்டுவதைவிட இப்படி ஒரு வேலையைக் கொடுப்பது மேல் என்று நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் அதிகமாகவே பலம் கொடுத்தால்தான் என்ன? ஜாலியாக இருக்குமே?

ஒரு வாரம் ஜாலியாக இருக்கும். 2015 டிசம்பரில் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஆர்8 ரிவால்வர் வந்தபோது, மார்புக் கவசம் போட்டவரைக்கூட ஒரே குண்டில் வீழ்த்தும் அளவுக்கு அதற்குப் பலம் இருந்தது. மலிவான கைத்துப்பாக்கி வேறு. சில நாள்களிலேயே வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். அப்புறம் அதைச் சீந்துவாரில்லை. அளவுக்கு மீறிய பலம் கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவசரமாகக் குறைக்கும்போது பெரும்பாலும் பழைய நிலைக்கும் கீழேதான் போகும்.

அதே விளையாட்டில் ஏயூஜி ரைஃபிளின் கதை இன்னும் நுட்பமானது. 2018 அக்டோபரில் அதன் விலையை விளையாட்டுப் பணத்தில் 3300-லிருந்து 3150 ஆகக் குறைத்தார்கள். டேமேஜையோ ரீகாய்லையோ தொடவில்லை. வெறும் 150 என்றுதான் தோன்றும். ஆனால் எல்லோரும் வாங்கும் எம்4ஏ4-இன் விலை அப்போது 3100. இரண்டுக்கும் இடையே 200 இருந்த வித்தியாசம் 50 ஆகிவிட்டது. 50 கூடக் கொடுத்தால் ஸ்கோப்போடு ஒரு ரைஃபிள் என்றால் யார் விடுவார்கள்? 2019 தொடக்கத்தில் தொழில்முறைப் போட்டிகளில் எங்கு பார்த்தாலும் ஏயூஜி. அதே ஆண்டில் விலையைப் பழையபடி ஏற்ற வேண்டியதாயிற்று. எதிரணியின் எஸ்ஜி 553 ரைஃபிளுக்கும் விலைக் குறைப்புக்குப் பிறகு இதே நிலைதான். 2020-ல் அதன் சுடும் வேகத்தையே குறைக்க வேண்டி வந்தது.

மாற்றத்தின் அளவை அந்தத் துப்பாக்கியின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் துப்பாக்கியோடு ஒப்பிடுங்கள்.

யாரும் எடுப்பதில்லை என்பதே பலவீனத்துக்கு ஆதாரம் ஆகாதா?

பாதி ஆதாரம்தான். கற்றுக்கொள்ளக் கடினமாக இருந்தாலும் எடுக்க மாட்டார்கள், விலை அதிகமென்றாலும் எடுக்க மாட்டார்கள், அழகாக இல்லாவிட்டாலும் எடுக்க மாட்டார்கள். எடுக்கும் சிலர் அதில் பல வருடம் ஊறியவர்களாக இருந்தால் வெற்றி விகிதம் மட்டும் மிக நன்றாக இருக்கும். அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளர்கள் "இது நன்றாகத்தானே இருக்கிறது" என்று நினைக்க இடமுண்டு. என் ரைஃபிளுக்கும் இதே நிலைதான் என்பது என் ஊகம். அதனால் நீங்கள் அதில் கைதேர்ந்தவர் என்றால் உங்கள் எண்களோடு, புதிதாக எடுத்த ஒரு நண்பரின் எண்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

வார்ஃபிரேம் விளையாட்டு பயன்பாட்டையே நேரடியாகக் கணக்கில் எடுக்கிறது. ரிவென் என்ற சிறப்பு மாட்கள் (ஆயுதத்தில் பொருத்தும் மேம்பாடுகள்) குறைவாகப் பயன்படும் ஆயுதங்களில் கூடுதல் பலன் தரும், பலரும் எடுக்கும் ஆயுதங்களில் குறைந்த பலன் தரும். பழைய ஆயுதங்களை மீட்க 2023-ல் இன்கார்னான் ஜெனிசிஸ் என்ற மேம்பாடுகளும் வந்தன. ஆட்டத்தைத் தொடங்குவோரின் சாதாரண பிராட்டன் ரைஃபிள்கூட அதனால் மேல்மட்டச் சண்டைக்குப் போகிறது.

பலமான துப்பாக்கியைக் குறைக்கச் சொல்வது எளிதில்லையா?

ஒன்றே ஒன்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தால் சரி, அதைக் கேட்கலாம். மற்றபடி கணினி எதிரிகளோடு மோதும் கூட்டு விளையாட்டுகளில் இது கசப்பைத்தான் வளர்க்கும். ஹெல்டைவர்ஸ் 2-ல் 2024 ஆகஸ்ட் மாதம் நெருப்பை உமிழும் ஃபிளேம்த்ரோவரின் பலத்தைக் குறைத்தபோது ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். தயாரிப்பாளர்களான ஏரோஹெட் 60 நாள் திருத்தத் திட்டம் ஒன்றை அறிவித்து, செப்டம்பர் 17 அன்று ஏராளமான ஆயுதங்களுக்குப் பலம் கூட்டிய பேட்ச்சை வெளியிட்டார்கள். மனிதர்கள் மனிதர்களோடு மோதும் ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கே உங்கள் துப்பாக்கிக்குக் கூடும் ஒவ்வொரு புள்ளியும் எதிரில் நிற்பவருக்கு இழப்பு. அதனால் இரண்டு வகையும் உள்ள விளையாட்டு என்றால் எந்த வகைக்கு மாற்றம் கேட்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மலிவான, ஆரம்பநிலைத் துப்பாக்கி பலவீனமாகத்தானே இருக்க வேண்டும்?

ஆமாம். விலைக்கேற்ற பலவீனம் நியாயமானது. அதே விலையில், அதே வேலைக்கு, எல்லா விதத்திலும் மேலான இன்னொன்று இருந்தால் மட்டுமே முறையிடுங்கள்.

பரிந்துரையை எப்படி எழுதுவது?

எந்தத் துப்பாக்கி, எந்த ஆட்ட வகை, எந்தப் பேட்ச் என்று தொடங்குங்கள். பிறகு குறை, அதற்கான எண், நீங்கள் கேட்கும் ஒரே ஒரு மாற்றம், அதனால் வரக்கூடிய ஆபத்து. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். நான் கடைசியாக அனுப்பியதன் சாரம் இது:

"பர்ஸ்ட் ரைஃபிளின் மூன்று குண்டும் உடம்பில் பட்டால் எதிராளிக்கு 10 உயிர் மிஞ்சுகிறது. அடுத்த பர்ஸ்டுக்கு 400 மில்லிவினாடி ஆவதால் நான்காவது குண்டு 520-ல் போகிறது. அதே விலை ரைஃபிள் 300-ல் கொல்கிறது. இடைவெளியை 280 ஆகக் குறைக்க வேண்டுகிறேன். டேமேஜைக் கூட்ட வேண்டாம், 34-ஐத் தொட்டால் ஒரே பர்ஸ்டில் கொல்லும் துப்பாக்கியாகிவிடும். ஆபத்து: நெருக்கமான சண்டையில் இது சப்மெஷின் கன்களின் இடத்தைப் பிடிக்கலாம். அப்படி நடந்தால் ஸ்கோப் இல்லாமல் சுடும்போது குண்டு சிதறலைக் கூட்டிக்கொள்ளலாம்."

ஆபத்தை நாமே சொல்வது முக்கியம். படிப்பவர்களின் மனதில் முதலில் எழும் கேள்வி அதுதான், நாம் பதிலோடு போனால் மேற்கொண்டு படிப்பார்கள். "இது குப்பை", "நீங்கள் விளையாடுவதே இல்லையா" போன்ற வரிகள் வேண்டாம். அந்த எண்களைத் தட்டி அமைத்தவர் ஒரு மனிதர், அவர்தான் உங்கள் கடிதத்தையும் படிக்கப் போகிறார்.

எண்கள் விளையாட்டில் வெளியிடப்படவில்லை என்றால் திரையைப் பதிவு செய்து ஃபிரேம்களை எண்ணுங்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் பதிவில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவினாடி. 24 ஃபிரேம் என்றால் 400. பத்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். அதைவிட நுணுக்கமாகப் போக வேண்டியதில்லை. வினாடிக்கு 64 முறை கணக்கிடும் சர்வரிலேயே ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 15.6 மில்லிவினாடி இருக்கிறது.

ஏன் ஒரே ஒரு மாற்றம்? நான்கு குறை இருக்கிறதே?

நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று யாருக்கும் தெரியாது. அதிகமாகிவிட்டால் எதைத் திரும்பப் பெறுவது என்றும் தெரியாது. நான்கில் உங்களை அதிகம் தோற்கடிப்பது எதுவோ அதை மட்டும் கேளுங்கள்.

அனுப்பிவிட்டேன், பதிலே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் பதில் வராது. அதற்காகப் படிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பெரிய பேட்ச் வந்த பிறகும் மறுபடி அளந்து பாருங்கள், எண்கள் மாறியிருந்தால் புதிதாக எழுதுங்கள். மாறாத அதே கடிதத்தை வாராவாரம் அனுப்புவதில் பயனில்லை.

கேட்ட மாற்றம் வந்துவிட்டால்?

மறுபடி பயிற்சிக் களத்துக்குப் போங்கள். என் ரைஃபிளுக்கு மாற்றம் வந்தது. நான் கேட்ட 280 இல்லை, 300. என் கடிதத்தால் வந்ததா, அவர்களே கண்டுபிடித்தார்களா என்று சொல்ல முடியாது. அன்று இரவு விடிய விடிய விளையாடினேன். பத்து உயிரோடு தப்பிக்கும் எதிராளிகள் குறைந்துவிட்டார்கள்.

பிறகு 50 மீட்டரில் அளந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. 30 மீட்டரிலிருந்து டேமேஜ் குறையத் தொடங்கி, 50-ல் ஒரு குண்டுக்கு 24 ஆகிவிடுகிறது. அங்கே ஒரு தலைக்குண்டு பட்டால் 36, 24, 24 என்று 84-தான். இரண்டு பட்டாலும் 96. குறிவைப்பவருக்கான அந்தப் பரிசு, நிதானமாகக் குறிவைக்க இடமிருக்கும் தூரத்தில் கிடைக்கவில்லை. டேமேஜ் குறையத் தொடங்கும் இடத்தை 30-லிருந்து 40 மீட்டருக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்று இந்த வாரம் அளந்துகொண்டிருக்கிறேன். இன்னும் இருநூறு குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.